பச்சை எரிந்தால் போதும்

எனக்குச் சாப்பிடும்போது பேசப் பிடிக்கும். சிலருக்குத் தட்டின் முன்னால் யாராவது வாய் திறந்தாலே எரிச்சல் வரும், சிலருக்கு டிவி ஓடினால்தான் சோறு இறங்கும். எனக்கு எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்து நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். காகிதமும் பேனாவும் கொடுத்து, "எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்னு தோணுதோ அங்கேர்ந்து எழுதுங்க" என்றீர்கள், மேடம். நேற்று முழுக்க யோசித்துப் பார்த்தேன். இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

நான் கம்ப்யூட்டர் ப்ரோகிராம் எழுதுகிறவன். பெரிய கம்பெனி, பெரிய பதவி எல்லாம் கிடையாது. சின்ன இடங்களுக்குச் சின்ன வேலைகள் செய்துகொடுப்பேன். என் மாமனார் இருக்கும் பராமரிப்பு இல்லத்துக்கு அழைப்பு மணி அமைப்பைச் செய்துகொடுத்ததும் நான்தான். மாடியில் பன்னிரண்டு அறைகள். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு பொத்தான், ஒரு பச்சை விளக்கு. பொத்தானை அழுத்தினால் கீழே நர்ஸ்கள் அறையில் இருக்கும் திரையில் அறை எண் வரும், மெதுவாக ஒரு சத்தம் கேட்கும். அதே சமயம் அந்த ஆளின் குடும்பத்தில் ஒருவருக்குப் போனில் செய்தி போகும். என் மாமனார் அழுத்தினால் என் மனைவியின் போனுக்கு வரும்.

அதற்கு முன்பு மாடி நடையில் நிஜ மணிகள் இருந்தன. ஒருவர் அடித்தால் பன்னிரண்டு பேரும் விழித்துக்கொள்வார்கள். அரைமணிக்கு ஒரு தடவை ஒரு நர்ஸ் நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வருவார். என் பெட்டிகள் வந்ததும் மணிகளைக் கழற்றினார்கள், நடந்துபார்ப்பதையும் நிறுத்திவிட்டார்கள். நான் நிறுத்தச் சொல்லவில்லை. அவர்களாகத்தான் நம்பினார்கள்.

அங்கே ஒருவர் அழைத்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் வர வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நான்காம் அறையில் என் மாமனார். இடுப்பு எலும்பு உடைந்ததிலிருந்து கட்டிலோடு கட்டிலாக இருக்கிறார், கையில் போன் கிடையாது. சர்க்கரை திடீரென்று இறங்கும், வியர்க்கத் தொடங்கியதும் அவருக்கே தெரிந்துவிடும், பொத்தானை அழுத்துவார், யாராவது வந்து குளுக்கோஸ் கொடுக்க வேண்டும். ஐந்தாம் அறையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். அவருக்கு மூச்சு முட்டும். ஆக்சிஜன் குழாயை மாட்டிவிட்டால் கால்மணியில் சிரித்துப் பேசுவார். மாட்ட ஆள் வராவிட்டால் அரைமணிகூடத் தாங்க மாட்டார். இதெல்லாம் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

என் ப்ரோகிராமைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பைத்தானில் எழுதியது, நாற்பது வரிகூட இருக்காது. உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஒரு டாக்டரின் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே டாக்டர் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே ஒரு பெண், வருகிறவர்களை எல்லாம் "உட்காருங்க" என்பார். உட்கார்ந்தவருக்கு ஒரு நிம்மதி. டாக்டருக்கோ வெளியே யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது, இவரை அனுப்பிவிட்டுத்தான் அடுத்தவரைக் கூப்பிடுவார். என் ப்ரோகிராம் அந்த டாக்டர். வெளியே இருக்கும் பெண், கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கிற ஒரு ஏற்பாடு, அதை நான் எழுதவில்லை. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தால் "உட்காருங்க" என்று சொல்லியாகிவிட்டது என்று பொருள். பன்னிரண்டு அறைக்குப் பன்னிரண்டு நாற்காலி போட்டிருந்தேன்.

உள்ளே போனவர் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். என் டாக்டருக்குப் பொறுமை அதிகம். அவர் பேசும்வரை காத்திருப்பார். ஒரு மணி நேரம் ஆனாலும் காத்திருப்பார், ஒரு நாள் ஆனாலும்.

ஆரம்பத்தில் இது எனக்கே உறைக்கவில்லை. அமைப்பு வைத்த இரண்டாவது வாரம், இரண்டாம் அறைப் பெட்டி இணைப்புக் கொடுத்துவிட்டு, அறை எண்ணைச் சொல்வதற்குள் பாட்டரி கழன்று செத்துவிட்டது. டாக்டர் அதன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இருபது நிமிடம் மாடியிலிருந்து ஒரு அழைப்பும் கீழே வரவில்லை. ஒன்பதாம் அறை அம்மா பொத்தானை அழுத்திவிட்டு, பச்சையைப் பார்த்துக்கொண்டே அடக்கி அடக்கிப் பார்த்து, கடைசியில் படுக்கையை நனைத்துவிட்டு அழுதிருக்கிறார். பெரிய சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டார்.

"பச்சை எரியுதுன்னு நம்பி அந்தம்மா காத்திருந்திருக்காங்க தம்பி. என்ன பதில் சொல்றீங்க?"

"ஒருத்தரைக் கவனிக்கறப்ப மத்தவங்க காத்திருக்கத்தானே வேணும், சிஸ்டர்."

"மூணு நர்ஸை வச்சுக்கிட்டு நான் பன்னிரண்டு பேரைப் பார்க்கறேன். ஒருத்தர் என் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பேசாம இருந்தா, மத்த பதினோரு பேரை விட்டுடுவேனா? உங்க மிஷினுக்கு அந்த அறிவு வேண்டாமா?"

வேண்டும்தான். அன்றே சரிசெய்தேன். வருகிற ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு டாக்டரை ஒதுக்கிவிட வேண்டும், ஒருவர் ஊமையாக உட்கார்ந்தாலும் மற்றவர்களுக்குப் பாதிப்பு இருக்காது. த்ரெட் என்பார்கள். மாற்றியது ஒரே ஒரு வரி. நாற்காலியில் உட்கார வைத்ததும் பச்சை எரியக் கூடாது, கீழே திரையில் அறை எண் வந்த பிறகுதான் எரிய வேண்டும் என்றும் சிஸ்டர் கேட்டார். அடுத்த வாரம் செய்கிறேன் என்றேன். அதைச் செய்யவில்லை. பச்சை எரிந்தால் அவர்களுக்கு ஒரு ஆறுதல், அதை எதற்குத் தள்ளிப்போட வேண்டும் என்று நினைத்தேன்.

இப்போது என் மனைவியைப் பற்றி. அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அவள் நல்லவள், எல்லோருக்கும் நல்லவள், அதுதான் பிரச்சினை. அவள் அப்பா ஜன்னல் திரையை இழுத்துவிட ஒரு தடவை பொத்தானை அழுத்துவார், திரும்பத் திறக்க ஒரு தடவை. தலையணை நழுவினால் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் அவள் போன் அதிரும். தட்டிலிருந்து எழுந்து, கழுவாத கையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் போனை எடுத்து, நர்ஸ்கள் அறைக்கு அடித்து, "சிஸ்டர், அப்பாவுக்கு என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குப் போய்விடுவாள். திரும்பி வந்து உட்கார்ந்து, "ம், சொல்லுங்க" என்பாள். எதைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே மறந்துபோயிருக்கும்.

ஒரு தடவை எனக்கு இருந்த ஒரே பெரிய வேலை கைவிட்டுப் போனது. அதை அவளிடம் சொல்ல ஆரம்பித்தேன். மூன்று நாளில், நான்கு தவணையாகச் சொல்லி முடித்தேன். முடித்ததும், "இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்வது, சொல்லுங்கள்.

பைத்தானில் ஒரு விஷயம் உண்டு. எத்தனை த்ரெட் போட்டாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். இவனுக்குக் கொஞ்சம், அவனுக்குக் கொஞ்சம் என்று கண் இமைக்கும் நேரத்தில் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். எல்லோரையும் ஒரே சமயத்தில் பார்க்கிற மாதிரி வெளியே தெரியும். அதைப் படித்தபோது எனக்கு என் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் ஞாபகம் வந்தது. எல்லோரையும் கவனிக்கிறேன் என்கிறவர்கள் யாரையும் முழுதாகக் கவனிப்பதில்லை. பழைய ப்ரோகிராம் முட்டாள்தான், ஆனாலும் நேர்மையானது. ஒருவரை உள்ளே விட்டால் அவருக்கு மட்டும்தான் காது கொடுக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த ஒரு வரியை எடுத்துவிட்டுப் பழைய வரியைத் திரும்பப் போட்டேன். சிஸ்டர் கேட்டபோது அப்டேட் என்றேன். பிறகு என் போனில் ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதிக்கொண்டேன். அது இல்லத்துக் கம்ப்யூட்டருக்கு ஒரு இணைப்புக் கொடுக்கும். கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். நான் விடும்வரை விடாது. அதற்கு 'சாப்பாடு' என்று பெயர் வைத்தேன்.

முதல் தடவை ஐந்து நிமிடம் பிடித்திருந்தேன். அந்த ஐந்து நிமிடமும் அவள் போன் அதிரவில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூட மொட்டைமாடியில் என்னை மறந்து பூட்டிவிட்டுப் போன கதையை முழுக்கச் சொன்னேன். "அய்யோ பாவம், எவ்வளவு நேரம் இருந்தீங்க?" என்று கேட்டாள். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம், அந்தக் கதையை அவள் முழுதாகக் கேட்டது அன்றுதான். இணைப்பை விட்டதும் மேலே காத்திருந்த ஒரு அழைப்புக் கீழே போனது. ஏழாம் அறைப் பெரியவருக்குத் தண்ணீர் வேண்டியிருந்ததாம். தண்ணீர் கொஞ்சம் தாமதமாகக் கிடைத்தது, அதனால் யார் குடி முழுகிவிட்டது?

பிறகு பத்து நிமிடம் ஆனது, பதினைந்தானது, இருபதில் நின்றது. வாரத்துக்கு மூன்று தடவை, பதினோரு மாதம். கிட்டத்தட்ட நூற்று நாற்பது தடவை. அந்த நூற்று நாற்பதிலும் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கூப்பிட்டால் நர்ஸ்கள் சீக்கிரம் வருவதில்லை என்று பெரியவர்கள் புகார் சொன்னார்கள். பெரிய சிஸ்டர் கம்ப்யூட்டர் பதிவை எடுத்துப் பார்த்தார். பதிவில் டாக்டர் ஒருவரை உள்ளே கூப்பிட்ட நேரம்தான் இருக்கும், அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்த நேரம் இருக்காது. பதிவுப்படி எல்லா அழைப்புக்கும் இரண்டு நிமிடத்தில் ஆள் போயிருந்தது. "படுத்திருக்கறவங்களுக்கு நேரம் நீளமாத் தெரியும், சிஸ்டர்" என்றேன். அவரும், "அப்படியும் இருக்கலாம்" என்றார். பாவம், தன் நர்ஸ்களைத் திட்டியதற்காக அவர்களிடம் மன்னிப்புக் கேட்டாராம்.

தாமதம் உண்மை என்று கண்டுபிடித்தவர் ஒருவர்தான். என் மாமனார். அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், கையால் வயரைச் செருகி லைன் கொடுத்த காலத்து ஆள். இன்னமும் எது நடந்தாலும் நேரம் போட்டு ஒரு நோட்டில் எழுதுவார். பொத்தானை அழுத்திய நேரம், பச்சை எரிந்த நேரம், நர்ஸ் வந்த நேரம். ஒருநாள் நான் போயிருந்தபோது அந்த நோட்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"மாப்பிள்ளை, பச்சை எரிஞ்சா லைன் கிடைச்சிருக்குன்னு அர்த்தம். ஆள் கிடைச்சாச்சுன்னு அர்த்தம் இல்ல. சரிதானே?"

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்த வித்தியாசத்தைச் சிஸ்டருக்குப் புரிய வைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"சரிதான் மாமா. எப்படித் தெரிஞ்சது?"

"அங்கயும் இதே கூத்துதான். சில பேர் லைனை வாங்கிக்கிட்டு ஒண்ணும் பேச மாட்டான். ஹலோ ஹலோன்னு தொண்டை வத்தக் கத்துவோம். மூச்சு மட்டும் கேட்கும். திட்டறவனைக்கூடச் சமாளிச்சுடலாம். இந்தப் பேசாதவன் இருக்கானே, அவனாலதான் அவசரமா டாக்டரைக் கூப்பிடறவனுக்கு லைன் கிடைக்காமப் போகும்."

"அப்ப என்ன செய்வீங்க?"

"வயரைப் பிடுங்கிடுவேன். மேலதிகாரி கேட்டா, கை பட்டுடுச்சு சார்னு சொல்லிடுவேன்." சொல்லிவிட்டுக் கட்டில் ஆடச் சிரித்தார். "உங்க மிஷினுக்கும் ஒரு வயர் வைங்க. ரொம்ப நேரம் பேசாதவனைப் பிடுங்கிப் போடற மாதிரி."

அதற்கும் ஒரே வரிதான். இத்தனை நொடிக்குள் பேசாவிட்டால் வெளியே அனுப்பு என்று ஒரு வரி. வைக்கிறேன் மாமா என்றேன். சும்மா சொல்லக் கூடாது, என் வேலையை இவ்வளவு அக்கறையாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். என் மனைவிகூடக் கேட்டதில்லை. எனக்கு அவர்மேல் கோபமே கிடையாது. அவர் அழைப்பதுதான் பிடிக்காது.

இனி, நீங்கள் விசாரிக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை. காலையில் துணி மடித்துக்கொண்டே என் மனைவி சொன்னாள், "என்னங்க, அப்பாவை நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடலாம்னு இருக்கேன். உங்க வேலை ரூம் சும்மாதானே கிடக்கு."

"ரூம் சும்மா கிடக்கல. நான்தான் அதுல கிடக்கறேன்" என்றேன்.

"நீங்க ஹால்ல உட்கார்ந்து பண்ணுங்க. அப்பா இங்கேயே இருந்தா இந்தப் பெட்டி, மெசேஜ் எல்லாம் வேண்டாம் பாருங்க. கூப்பிட்டா நான் போயிடலாம்."

அவள் அதை எனக்கு ஒரு உதவி மாதிரி சொன்னாள். நான் அதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பெட்டி இருக்காது, இணைப்பு இருக்காது, என் கையில் ஒன்றுமே இருக்காது. அவர் பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவார், இவள் எழுந்து போவாள். அதைப் பிடித்துவைக்க எந்த ப்ரோகிராமும் எழுத முடியாது. சரி, யோசிக்கலாம் என்றேன். நான் குரலை உயர்த்தவில்லை.

ஒன்றேகாலுக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். போனில் 'சாப்பாடு' என்பதைத் தொட்டேன். எத்தனை பேர் நாற்காலியில் காத்திருக்கிறார்கள் என்று இல்லத்துக் கம்ப்யூட்டரைக் கேட்டு ஒரு எண்ணைக் காட்டும்படி அதைப் பிறகு மேம்படுத்தியிருந்தேன். எந்த அறை என்று தெரியாது, எண்ணிக்கை மட்டும் தெரியும். ஒன்று பதினேழுக்கு, திரையின் மூலையில் 1 என்று வந்தது. ஒன்று பத்தொன்பதுக்கு 2 ஆனது.

அந்த 2 பிறகு மாறவில்லை. பச்சை எரிந்துவிட்டால் பெட்டியில் எத்தனை தடவை அழுத்தினாலும் புதிய அழைப்புப் போகாது. ஒரே ஆள் பத்து நாற்காலியைப் பிடித்துக்கொள்ளக் கூடாதே என்று நான்தான் அப்படிச் செய்திருந்தேன்.

ஒன்று முப்பத்தைந்துக்கு வழக்கமான இருபது நிமிடம் முடிந்தது. கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது. 2 என்ற எண்ணைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் அழைக்கிறவர் என் மாமனார்தான், மற்றவர்கள் சாப்பிட்டுத் தூங்கும் நேரம். இரண்டில் ஒன்று நான்காம் அறை என்று நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதுவது சரியில்லை. விரும்பினேன். திரை இழுக்கவோ தலையணைக்கோ இல்லாமல் வியர்த்துத்தான் அழுத்தியிருக்கிறார் என்றும் விரும்பினேன். நீங்கள் மூன்று நாளாக என் வாயிலிருந்து வரவழைக்கப் பார்த்தது இதுதானே, மேடம். எழுதிவிட்டேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னேன்.

இரண்டு ஏழுக்கு இணைப்பை விட்டேன். மொத்தம் ஐம்பத்திரண்டு நிமிடம். அடுத்த நொடி என் மனைவியின் போன் அதிர்ந்தது. நான்காம் அறை. கீழே திரையில் ஐந்தும் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, அழுத்திய வரிசையிலேயே. இரண்டு எட்டுக்கு நர்ஸ் மாடிக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் ஓடியே போனார் என்று பதிவு சொல்கிறது, அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை.

என் மாமனாருக்கு ஒன்றுமே ஆகவில்லை. அவருக்கு வியர்க்கவும் இல்லை. ஐந்தாம் அறை வாத்தியார்தான் இறந்துபோயிருந்தார். கட்டைவிரல் பொத்தான்மேலேயே இருந்ததாம். பச்சை எரிந்துகொண்டிருந்ததாம்.

மாமனாரின் நோட்டை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். அந்தப் பக்கத்தை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன், அவரே காட்டினார். அவருடைய கையெழுத்து அழகாக இருக்கும், அன்றைக்குக்கூட.

'1.19. வாத்தியார் மூச்சுத் திணறும் சத்தம். அவருக்காக அழுத்தினேன். பச்சை. 1.24. யாரும் வரவில்லை. கத்தினேன். 1.26. டம்ளரால் சுவரில் தட்டினேன். வாத்தியார் பதிலுக்கு மூன்று தட்டு. 1.31. தட்டினேன். இரண்டு தட்டு. 1.37. தட்டினேன். ஒன்று. 1.41. தட்டினேன்.'

அதற்குப் பிறகு இரண்டு எட்டு வரை நிமிடத்துக்கு ஒரு 'தட்டினேன்'. அவ்வளவுதான் அந்தப் பக்கம்.

நீங்கள் நேரத்தை வைத்துத்தான் என்னிடம் வந்தீர்கள். நோட்டில் ஒன்று பத்தொன்பது, கம்ப்யூட்டரில் இரண்டு ஏழு. அவர்களுக்கு முன்னால் உள்ளே போய் உட்கார்ந்தவர் யார் என்று கேட்டீர்கள். ஒன்றேகாலிலிருந்து யாரோ பேசாமல் இருந்ததும், அது என் போனின் முகவரி என்பதும் பதிவில் இருந்தன. அந்த வரியை நான் அழித்திருக்கலாம், ஒரு நிமிட வேலை. பதிவில் கைவைப்பது எனக்குப் பிடிக்காது. தொழிலில் சில விஷயங்களில் நான் சுத்தமாக இருப்பேன்.

மறுநாள் மாமனாரைப் பார்க்கப் போனேன். என் மனைவி வெளியே சிஸ்டரோடு அழுதுகொண்டிருந்தாள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். டம்ளரால் தட்டித் தட்டி விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"லைன்ல எவனோ பேசாம உட்கார்ந்திருக்கான் மாப்பிள்ளை."

"அப்படி இருக்குமா மாமா?"

"முப்பது வருஷம் கேட்டிருக்கேன். எனக்குத் தெரியும். வெளியேர்ந்து எவனோ உங்க மிஷினுக்குள்ள புகுந்து விளையாடியிருக்கான். நீங்க வயர் வைக்கறேன்னு சொன்னீங்களே, வச்சீங்களா?"

"இன்னும் இல்ல மாமா."

"வேலை ஜாஸ்தி உங்களுக்கு. தெரியும்." என் கையைத் தட்டிக் கொடுத்தார். "அவனைக் கண்டுபிடிங்க. உங்களாலதான் முடியும். வாத்தியார் ஒருத்தருக்கும் கெடுதல் நினைக்காத மனுஷன்."

நானே அவர் விரல்களுக்கு மருந்து தடவிவிட்டேன். நான் கல் இல்லை, மேடம். ஆனால் யோசித்துப் பாருங்கள், நான் செய்தது என்ன? யார் கழுத்தையும் நெரிக்கவில்லை, மருந்தை மாற்றவில்லை, ஒரு சொல்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. ஒரு வாசலில் போய் உட்கார்ந்து பேசாமல் இருந்தேன். வாத்தியார் அந்த நேரத்தில் வந்தது அவர் தலையெழுத்து. அவரை நான் நினைக்கவே இல்லை. நீங்கள் இது இன்னும் மோசம் என்கிறீர்கள். எனக்கு அந்தக் கணக்குப் புரியவில்லை.

நேற்று எழுந்து போகும்போது நீங்கள் ஒன்று கேட்டீர்கள், அதற்கு நான் பதில் சொல்லவில்லை. "இதையெல்லாம் செஞ்சு உங்களுக்கு என்ன கிடைச்சுது?" என்று கேட்டீர்கள். கோபமாகக் கேட்டீர்கள், ஆனாலும் நல்ல கேள்வி. அதற்குப் பதில் எழுதி முடித்துவிடுகிறேன்.

அந்த மதியம் கிடைத்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நாங்கள் அப்படி உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் தட்டு காய்ந்துபோகும்வரை பேசினாள். சின்ன வயதில் அப்பாவின் எக்ஸ்சேஞ்சுக்குப் போய், அவர் காலடியில் உட்கார்ந்து வயர்களை எண்ணியதைச் சொன்னாள். அவர் தன் ஹெட்போனைக் கழற்றி இவள் காதில் வைத்து, "கேளு, ஊரே பேசுது" என்பாராம். இடுப்பு உடைந்த அன்று ஆஸ்பத்திரியில் அவர் வலியை மறைத்துக்கொண்டு இவளுக்குச் சிரிப்புக் காட்டியதைச் சொன்னாள். என் வேலை அறையில் அவர் கட்டிலை எந்தச் சுவர் ஓரம் போடலாம், ஜன்னல் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று மேசைமேல் விரலால் கோடு போட்டுக் காட்டினாள். நான் எல்லாவற்றையும் கேட்டேன். நான் சொல்ல வைத்திருந்தது ஒன்று இருந்தது, பரவாயில்லை, அதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். நடுவில், "அப்பா இன்னிக்கு ஏன் ஒரு தடவைகூடக் கூப்பிடல?" என்று கேட்டாள். தூங்குவார் என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

அவள் இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. அவளுக்கு ஆயிரம் வேலை, எல்லோரையும் கவனிக்க வேண்டும். ஆனால் அந்த ஐம்பத்திரண்டு நிமிடமும் அவள் முழுக்க முழுக்க என்னோடுதான் இருந்தாள். ஒன்பது தடவைதான் போனை எடுத்துப் பார்த்தாள்.